பேர் எழுதாத பேப்பரில் ஒரு புள்ளி

அந்தப் புள்ளியை வைத்தது நான்தான். கூர் சீவிய பென்சிலால், தாளின் கீழ் மூலையில், கடுகளவு. வைத்துவிட்டு வகுப்புக்குள் போய், நாற்பது பிள்ளைகளின் முகத்தையும் பார்த்து, "பேர் எழுதத் தேவையில்ல. எது ஆர்ர பேப்பர் எண்டு எனக்குத் தெரியவே தெரியாது, அல்லாஹ்வுக்காகச் சொல்றன்" என்றும் சொன்னேன். வாய் கூசவில்லை.

கல்முனைப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் கணிதம் படிப்பிக்கிறேன். கல்வியியலில் முதுமாணிப் படிப்புக்காக ஓர் ஆய்வு செய்யவேண்டி வந்தபோது, மாணவிகளின் மனநலத்தையும் எங்கள் கற்பித்தலையும் எடுத்துக்கொண்டேன். எங்களைப் போன்ற நாடுகளில் எத்தனை பிள்ளை சித்தியடைந்தது என்று கணக்கெடுக்கிறோமே தவிர, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் சந்தோஷமாக வருகிறதா என்று கேட்பதில்லை என்று முன்னுரையில் எழுதினேன். எழுதியதை நானே மூன்று தரம் வாசித்து மெச்சிக்கொண்டேன்.

புள்ளிக்குக் காரணம் என் பத்தாம் தர வகுப்பில் இருந்த ஒரு பிள்ளை. போன வருசம் வரைக்கும் வாய்க்காரி. கணக்கைப் பலகையில் எழுதி முடிக்கும் முன்னமே விடையைக் கத்துவாள், பாதி பிழையாகத்தான் இருக்கும், ஆனாலும் கத்துவாள். இந்த வருசம் முதலாம் தவணையிலேயே அடங்கிப்போனாள். கேள்வி கேட்டால் எழும்பி நிற்பாள், நிலத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். பக்கத்தில் கூப்பிட்டு விசாரித்தாலும் "ஒண்டுமில்ல டீச்சர்" என்பாள்.

ஒருநாள் அவளுடைய உம்மா பாடசாலை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், ஊட்ட வந்தா கதவச் சாத்திக்கிட்டுப் படுக்கிறாள். சோறும் ஒழுங்கா தின்னுறாளில்ல, கதைக்கிறாளுமில்ல. அவள்ர வாப்பாவும் கேட்டுப் பாத்திட்டார். என்னமும் செஞ்சிக்கிருவாளோ எண்டு பயமா இரிக்கி டீச்சர்" என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்தினார். எத்தனை கதை கேள்விப்படுகிறோம்! பஸ்ஸில் எவனாவது தொல்லை கொடுக்கிறானா, போனில் யாரும் மிரட்டுகிறார்களா, வெளியே சொல்ல முடியாத வேறு என்னவாவதா? அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனம் பட்டியல் போட்டுக்கொண்டே வந்தது.

அதனால்தான் அந்தப் புள்ளி. வாயால் சொல்லாததைப் பேப்பரில் எழுதுவாள் என்று நினைத்தேன். முப்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை', 'சிலவேளை', 'எப்போதும்' என்று மூன்று பெட்டி. ஒன்றில் பென்சிலால் சரி போட்டால் போதும். புள்ளி வைத்த தாளை என் கையாலேயே அவள் மேசையில் வைத்தேன்.

பின்னேரம் வீட்டில் தேத்தண்ணியும் கையுமாக இருந்து பேப்பர்களைப் பிரித்தேன். முதலாவது பிள்ளை நன்றாக நித்திரை கொள்கிறதாம், எப்போதும். பயந்தால் சொல்ல ஆள் இருக்கிறதாம், எப்போதும். பரீட்சைக்குப் பயமா? சிலவேளை. இரண்டாவது பேப்பரும் அப்படியே. மூன்றாவதும். பத்தாவது பேப்பரோடு தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. நாற்பதையும் அடுக்கிப் பார்த்தேன், நாற்பதிலும் முப்பது விடையும் ஒன்று. புள்ளி வைத்த பேப்பரும் ஊரோடு ஒத்துத்தான் நின்றது. என் ஆய்வு போனது ஒரு பக்கம், அந்தப் பிள்ளையை இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுநாள் வகுப்புக்குள் போனதும் வெடித்தேன். "என்ன இது? நாப்பது பேருக்கும் ஒரே மனசா?" முன்வரிசைக்காரி ஒருத்தி முகமெல்லாம் பல்லாக எழும்பினாள். "எல்லாம் சரியா டீச்சர்? சேர் தந்த விடைதான். எங்களுக்கு எத்தின மார்க்ஸ்?"

சேர் என்றால் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த தம்பி. இந்தப் பக்கத்தில் கணித டியூஷன் என்றால் அவன்தான். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அவனிடம்தான் போகிறார்கள். பாடசாலை விட்டதும் நேரே அவனுடைய டியூஷன் கொட்டிலுக்குப் போனேன். வெள்ளைப் பலகையில் ஒரு மூலையில் முப்பது விடையும் இன்னும் அழியாமல் இருந்தன.

"என்னடா வேல பாத்து வெச்சிரிக்கிறாய்?"

"என்ன ராத்தா, ஒங்களுக்கு ஒதவிதானே செஞ்சன்" என்றான். நான் முதலில் பக்கத்து வகுப்பில் ஒத்திகை பார்த்தபோது ஒரு பிள்ளை மேலதிகமாக ஒரு தாளை எடுத்துப் போயிருக்கிறது. அது கொமினிகேஷன் கடைக்குப் போய்ப் போட்டோக்கொப்பியாகி, இவனிடம் வந்திருக்கிறது. இவன் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் விடை செய்து, ஒரு செமினாரே வைத்திருக்கிறான்.

"சரி, பிழை எண்டு ஒண்டுமில்ல எண்டு பேப்பர்ர தலையிலேயே எழுதியிரிக்கேடா!"

"எல்லாப் பேப்பர்லயும்தான் மேல என்னமோ எழுதியிரிக்கிற. ஆரு வாசிக்கிற? நம்மட ராத்தாட பேப்பர், நம்மட பிள்ளைகள், பேர் கெடப்படாது எண்டு செஞ்சன்."

அடிக்கலாம் என்று கையெடுத்தேன், சிரிப்பும் வந்து தொலைத்தது. அவன் அதோடு விட்டானா? "ஒண்டு மட்டும் எனக்கே கஷ்டம் ராத்தா, அந்த இருவத்திரெண்டாவது. நான் எழுதுறெண்டா 'எப்போதும்' எண்டுதான் போட்டிருப்பன். சேர்மாரும் வாப்பாவும் ஒங்களக் காட்டிக் காட்டித்தானே எனக்கு அடிச்ச. ஒரு புள்ளயும் அத மட்டும் உண்மையா எழுதட்டா சேர் எண்டு கேட்டாள். சும்மா இரி, பலகையில உள்ளத எழுது எண்டுட்டன்."

"எந்தப் புள்ள?"

"அதான், இந்த வருசம் வாயே தொறக்காதே ஒண்டு. டொக்டருக்குப் படிக்கிற புள்ளட தங்கச்சி."

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. புள்ளி வைத்த தாளை உருவி எடுத்து, குசினி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இருபத்திரண்டாவது கேள்வி: 'ஆசிரியர்கள் என்னை வேறொருவரோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள்.' சரி போட்டிருந்தது 'ஒருபோதும் இல்லை' என்ற பெட்டியில். ஆனால் 'எப்போதும்' என்ற பெட்டியில் இறேசரால் அழித்த அழுக்கு. தாளைத் திருப்பி விரலால் தடவினேன். அந்த இடம் மட்டும் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றது. மற்ற இருபத்தொன்பதையும் தடவிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

அப்போதுதான் எனக்கு என் வாயே ஞாபகம் வந்தது. அவளுடைய ராத்தாவுக்கும் கணிதம் படிப்பித்தவள் நான்தான். அந்தப் பிள்ளை மருத்துவபீடத்துக்குப் போனதில் அவள் பெற்றோரைவிட எனக்குத்தான் புளுகமும் பெருமையும். வருசம் தொடங்கின முதல் கிழமை, இவள் ஏதோ ஒரு விடையைப் பிழையாகக் கத்த, "உண்ட ராத்தா இந்தக் கதிரையில இரிக்கக்குள்ள இப்படியா?" என்றேன். வகுப்பு சிரித்தது. வகுப்பு சிரித்தால் எங்களுக்கு விட மனம் வருமா? அடுத்த நாளும் சொன்னேன். பிறகு அது ஒரு பழக்கமாகவே போய்விட்டது. பகிடி என்றுதான் நினைத்தேன். நான் பகிடி விட்டுவிட்டு மறந்துபோனதை அவள் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அதைவிடப் பெரிதாக நெஞ்சுப் பாரம் இறங்கிப்போனது. பஸ்காரனும் இல்லை, போன்காரனும் இல்லை. நான் பட்டியல் போட்ட எந்தப் பொல்லாப்பும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், குற்றவாளி நான்தான்! அந்தக் குசினியிலேயே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து அழுதேன்.

மறுநாள் இடைவேளையில் அவளை நூலக அறைக்குக் கூப்பிட்டேன். கதவைத் திறந்தே வைத்தேன். "மகள், உண்ட ராத்தாட கதைய ஒவ்வொரு நாளும் நான் எடுத்தது பிழை. எனக்கு விளங்கல்ல. என்ன மன்னிச்சிக்க" என்றேன். இருபது வருசப் படிப்பிப்பில் ஒரு பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல்தரம். அவள் நிலத்தைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு மெல்ல, "ராத்தாவும் பிழையாத்தான் கத்துவா டீச்சர். ஊட்ட கேளுங்க" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வகுப்பிலும் சொன்னேன், எல்லார் முன்னாலும். கேலி செய்தது எல்லார் முன்னாலும் என்றால் மன்னிப்பை மட்டும் நூலகத்துக்குள் ஒளிப்பது நியாயமில்லை. அந்தக் கிழமை முடியும் முன் அவளுடைய உம்மா போன் எடுத்தார். "டீச்சர், இண்டைக்கு ராத்தாக்காரியோட போன்ல ஒரே சண்ட! ஊடே கிழியுது. சண்ட பிடிச்சிட்டு ரெண்டு பீங்கான் சோறும் திண்டாள்." இவ்வளவு சந்தோஷமாக ஒரு சண்டையைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆய்வைப் புதிதாகத் தொடங்கச் சொல்லி மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். நோன்பு விடுமுறைக்குப் பிறகு பார்ப்போம். தம்பியிடம் பேப்பரைக் கண்ணால்கூடக் காட்டமாட்டேன். ஆனால் புள்ளி மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அல்லாஹ்வுக்காக என்று சொல்லிப் பொய் சொன்னேன் அல்லவா? தவணை கடைசி நாள், அந்தப் பிள்ளை பயிற்சிக் கொப்பிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தபோது, மெதுவாகச் சொன்னேன். "மகள், இன்னொண்டும் இரிக்கி. உண்ட பேப்பர்ல நான் ஒரு புள்ளி வெச்சன், உண்டது எது எண்டு தெரிய."

"தெரியும் டீச்சர்" என்றாள். "தந்த உடனேயே கண்டன்."

"கண்டும் ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

கொப்பிகளை அடுக்கி நேராக்கினாள். "சேர்ர விடையத்தான் எழுதணும் எண்டு எல்லாரும் சொன்ன. எப்படியும் அழிக்கத்தான் வேணும் எண்டு தெரியும். நீங்க தேடிப் பாப்பீங்க எண்டுதான் அழுத்தி எழுதினன்."