நாலாவது முனையை அக்கா பிடித்தார்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினர்களும் நண்பர்களும் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். அச்சகத்துத் தம்பி பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கூட்டத்தில் பேசவும் வராது. அக்காவின் மூத்த மகன், "மாமா, அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும்" என்று நோட்டைக் கொண்டுவந்து கொடுத்துப் பத்து மாதம் ஆகிறது. முதலாம் ஆண்டு வந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது.

அக்கா பிறந்தது எங்கள் ஊரில்தான். பரளச்சிக்குத் தெற்கே, தார் ரோட்டிலிருந்து இரண்டு மைல் கரிசல் காட்டுக்குள் இருக்கிற ஊர். எனக்கு ஏழு வயது மூத்தவர். அய்யா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதிமூன்று. அம்மா களை வெட்டப் போவார், அக்கா பருத்தி எடுக்கப் போவார். பள்ளிக்கூடத்து வாசலை அக்கா மிதித்தது என்னைக் கொண்டுபோய் விடுவதற்கு மட்டும்தான். பிறகு உள்ளூரிலேயே மச்சானுக்கு வாழ்க்கைப்பட்டார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வைக்கோல் படப்பு மட்டும் உண்டு. இரண்டு ஆண் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். அம்மா இறந்த பிறகு எனக்கு அம்மாவும் அவர்தான்.

அக்காவின் உழைப்பைப் பற்றியும் நல்ல குணத்தைப் பற்றியும் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். நான் 1984ஆம் வருஷ மழைக்காலத்தில் நடந்ததை எழுதுகிறேன். அது எனக்கு முழுதாகத் தெரியும்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் என் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அதுவும் கரிசல் காட்டு ஊர்தான். வலி எடுத்த அன்று மூன்றாவது நாள் மழை. ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டுவண்டியில் ஏற்றிக் கிளம்பினார்கள். வண்டி பாதி வழியில் அச்சு வரைக்கும் மண்ணில் இறங்கி நின்றுவிட்டது. கரிசலில் மழை பெய்தால் எப்படி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்து, அங்கேயே போய்விட்டது. ஆண் பிள்ளை. என் மனைவி அதன் பிறகு பேசுவதையே குறைத்துவிட்டாள்.

மறுபடி உண்டானதை அவள் என்னிடம்கூடச் சொல்லவில்லை. அக்காதான் கண்டுபிடித்தார். விரல்விட்டு மாதத்தை எண்ணிப் பார்த்தார். கணக்கில் கார்த்திகை வந்தது. திரும்பவும் மழை மாதம்.

"இந்தப் பிள்ள நம்ம வீட்லயே பிறக்கட்டும்" என்று அக்கா முடிவு செய்தார். டவுனில் போய் முன்கூட்டியே தங்க எங்களுக்கு அருப்புக்கோட்டையில் சொந்தம் என்று யாரும் இல்லை. தார் ரோட்டுப் பக்கம் அடுத்த ஊரில் நர்ஸம்மா ஒருவர் இருந்தார். அக்கா மாதம் இரண்டு தடவை என் மனைவியை அவரிடம் நடத்திக் கூட்டிக்கொண்டு போவார். ஒன்பதாம் மாதம் பார்த்துவிட்டு நர்ஸம்மா, தலை திரும்பியிருக்கிறது, வீட்டிலேயே பார்க்கலாம், ஆனால் அவசரம் என்றால் டவுனுக்குப் போக ஒரு வழி வைத்திருங்கள் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அக்கா விடவே இல்லை.

நர்ஸம்மா சொன்னதையெல்லாம் அக்கா மனதில் வாங்கி வந்து, என்னைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதச் சொன்னார். காகிதம் பிரிக்காத புது பிளேடு. கொதிக்க வைத்த நூல். சோப்பு. இரண்டு பழைய பருத்திச் சேலை, வேகவைத்து வெயிலில் காயவைத்தது. தொப்புளில் சாம்பலோ சாணியோ வைக்கக் கூடாது. மழையில் நனையாத விறகு. உர மூட்டைக்குள் இருக்கிற பிளாஸ்டிக் பையைப் பிரித்து, சோப்புப் போட்டுக் கழுவி, பாயின் மேல் விரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் வந்து "படிலே தம்பி" என்பார். நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன். அவர் அந்தந்தப் பொருளைத் தொட்டுப் பார்ப்பார். விறகுக்கு அவர் வீட்டுப் பருத்திமாரைக் கட்டுக் கட்டாக எங்கள் வீட்டுக்குள் அடுக்கிவிட்டார். நாங்கள் ஒதுங்கிப் படுத்துக்கொண்டோம்.

பிள்ளை பிறக்கும் முன்னால் துணிமணி சேர்த்து வைக்கக் கூடாது என்று தெருவில் பெண்கள் சொன்னார்கள். "இது பிள்ளைக்கு இல்ல, என் பழைய சேல. என் சேலய நான் எங்க வச்சா ஒங்களுக்கென்ன?" என்று அக்கா கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவும் பரவாயில்லை. டவுனுக்கு வழி என்று அக்கா ஒன்று செய்தார் பாருங்கள், அதுதான் ஊர் வாயில் விழுந்தது. அவர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலின் இரண்டு பக்கமும் நீளமாக மூங்கில் கம்பு வைத்துக் கட்டினார். வண்டி போகாவிட்டால் நாலு பேர் நாலு முனையைப் பிடித்துத் தார் ரோடு வரை தூக்கிப் போய்விடலாம். நான், மச்சான், தெற்குத் தெரு அண்ணன் தம்பி இரண்டு பேர் என்று ஆளையும் குறித்துவிட்டார்.

மூங்கில், கட்டில், நாலு பேர். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? டீக்கடையில் நான் போய் உட்கார்ந்ததும் கடைக்காரர், எங்களுக்குச் சித்தப்பா முறை, டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "ஏலே, உசுரோட இருக்கிற பிள்ளைக்குப் பாடை கட்டிட்டியளாமே. சங்குக்கும் சொல்லியாச்சா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அக்கா இல்லாத நேரம் பார்த்து, கம்பு இரண்டையும் அவிழ்த்து மாட்டுக்கொட்டகைக் கூரையில் சொருகிவிட்டேன். கூச்சத்தால் மட்டும் செய்யவில்லை, பயமும் இருந்தது. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவன் நான். இதை இந்த மலரில்தான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

மறுநாள் காலையில் கம்பு மறுபடி கட்டிலில் இருந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டு, கட்டிலைத் தெரு நடுவில் போடச் சொன்னார். தெருவே வந்து நின்றது. டீக்கடைச் சித்தப்பாவும் வந்தார். அக்கா தானே ஏறி அதில் படுத்துக்கொண்டார்.

"தூக்குங்கப்பா. ரோடு வரைக்கும் எம்புட்டு நேரம் ஆகுதுன்னு பாப்பம். கெட்டது எதும் இருந்தா எம்மேல போகட்டும்."

மச்சானே தயங்கினார். சித்தப்பா, "ஏ பிள்ள, எந்திரி. நாலு பேரு தூக்குனா அது பாடதான்" என்றார்.

அக்கா எழுந்து உட்கார்ந்தார். பிறகு இறங்கி வந்து நான் நின்ற முனையில் கை வைத்தார்.

"பாடைய எங்கயாவது பொம்பள தூக்கிப் பாத்திருக்கியளா?"

கூட்டம் சித்தப்பாவைப் பார்த்தது.

"அப்ப இந்தா, ஒரு முனைய நான் பிடிக்கிறேன். பொம்பள பிடிச்சா அது கட்டிலு. நீ ஏறிப் படுலே தம்பி."

நான் படுத்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், ஆனால் முந்தின நாள் சிரித்த மாதிரி இல்லை. வாசலில் நின்று பார்த்த என் மனைவியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருஷத்தில் அன்றுதான் பார்த்தேன்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த மறுநாள் அக்கா மறுபடி கூப்பிட்டார். காய்ந்த தரையில் யாரும் தூக்கிவிடுவார்கள் என்றார். அன்று ஓடைக் கரையில் தெற்குத் தெருத் தம்பிக்காரர் வழுக்கி விழுந்து, கட்டிலோடு நானும் சேற்றில் விழுந்தேன். அதிலிருந்து மூன்று காரியம் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட வேண்டும். படுத்திருப்பவரைச் சேலையால் கட்டிலோடு சேர்த்துக் கட்ட வேண்டும். பாத்தி ஓரமாகப் போகாமல், சோளத் தட்டை நிற்கிற நிலத்துக்குள் போனால் வேர் காலைத் தாங்கும். அதையும் கதவுக்குப் பின்னால் எழுதினேன்.

கார்த்திகையில் விடிகாலை வலி எடுத்தது. இரண்டு நாள் விடாத மழை. மச்சான் போய் நர்ஸம்மாவை அழைத்து வந்தார். அந்த அம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றோடு வந்து சேர்ந்தார். அக்கா வெந்நீரும் சோப்பும் தயாராக வைத்திருந்தார். நர்ஸம்மா உள்ளே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கிட்டகூட இம்புட்டு இல்லயே" என்றாராம். அக்கா இதை எத்தனையோ பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருமை அது ஒன்றுதான்.

பத்து மணி வாக்கில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. பெண் பிள்ளை. நான் வாசலில் நின்று அழுதேன். ஆனால் நர்ஸம்மா வெளியே வரவில்லை. அக்கா வந்தார். நஞ்சுக்கொடி முழுதாக விழவில்லை, உதிரம் நிற்கவில்லை, உடனே டவுனுக்குப் போக வேண்டும் என்றார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. கட்டிலை எடுக்கச் சொல்லிவிட்டு, பேசி வைத்திருந்தபடி எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டினார்.

தெற்குத் தெருவிலிருந்து அண்ணன்காரர் மட்டும் ஓடி வந்தார். தம்பி முந்தின நாள் விதை வாங்க டவுனுக்குப் போனவர், மழையில் திரும்பவில்லை. மூன்று பேர்தான் இருந்தோம். அக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நாலாவது முனையைப் பிடித்தார். பிள்ளையை நர்ஸம்மா துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்துக் குடைக்குள் வந்தார்.

இரண்டு மைல். ஒவ்வொரு காலிலும் மண் திரண்டு கல்லைக் கட்டின மாதிரி கனத்தது. சோளத்துக்குள்ளேயே போனோம். அக்கா என் மனைவியிடம் பேசிக்கொண்டே வந்தார். "தாயி, கண்ண மூடாத. மக மூக்கு ஒன்னய மாதிரி இல்ல, என்னய மாதிரி இருக்கு, தெரியுமா?" என் மனைவி, "இல்ல மதினி" என்றாள். "இருக்குங்கிறேன்." "இல்ல." இப்படியே அவளைப் பேச வைத்துக்கொண்டு வந்தார்.

பாதி வழியில் எதிரே வந்த வெளியூர்க்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அக்கா நடையை நிறுத்தாமல் சொன்னார்:

"துண்டத் தோள்ல போடுங்கண்ணே. பிள்ளயப் பெத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போறா."

அப்போது பின்னாலிருந்து டீக்கடைச் சித்தப்பா ஓடி வந்தார். தாம்பாளச் சத்தம் கேட்டுக் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறார். அக்காவின் தோளில் மூங்கில் உரசி ரத்தம் கசிந்ததைப் பார்த்துவிட்டு, "குடு பிள்ள, நான் பிடிக்கிறேன்" என்றார். அக்கா கொடுக்கவில்லை. "நீங்க பிடிச்சா அது வேற ஆயிரும் சித்தப்பா. முன்னால ஓடிப் போயி பஸ்ஸ நிறுத்துங்க" என்றார். அவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆட்கள் எழுந்து பின் சீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். டிரைவர் இடையில் எங்கேயும் நிறுத்தாமல் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று அங்கே சொன்னார்கள். ஒன்பதாம் நாள் தாயும் பிள்ளையும் வீடு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பை அக்கா அவிழ்க்கவே இல்லை. கட்டில் அவர் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும். ஊரில் யாருக்கு மழைக்காலத்தில் பிரசவம் என்றாலும் முன்கூட்டியே வந்து, கட்டில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அக்கா தன் சேலையை வேகவைத்துக் கொடுப்பார். என்னைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் எழுதச் சொல்வார். சில தடவை கட்டிலைத் தூக்க வேண்டி வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு முனையை ஏதாவது ஒரு பெண் பிடித்தாள். அது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது. தொண்ணூறுகளில் ஊருக்குள் தார் ரோடு வந்து, பஸ்ஸும் வந்த பிறகுதான் கட்டில் ஓய்ந்தது.

போன வருஷம் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. மதுரை வரை கொண்டுபோய்ப் பார்த்தோம். கார்த்திகையில் காலமானார். கடைசி இரண்டு மாதமும் என் மனைவிதான் அருகில் இருந்தாள். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அத்தைக்குத் தலை சீவிவிடுவாள். அவளுக்கு அக்காவின் மூக்குதான். என் மனைவி கடைசியில் அதை ஒத்துக்கொண்டாள். அக்கா படுத்தபடியே சிரித்தார்.

எடுக்கிற அன்று பச்சை மூங்கில் வெட்டி வந்து எல்லாம் முறைப்படி நடந்தது. அக்காவின் மகன்கள் இரண்டு பேர், தெற்குத் தெரு அண்ணன்காரர், நான் என்று நாலு பேரும் குனிந்தோம். அப்போது என் மனைவி பெண்கள் கூட்டத்திலிருந்து வந்து, "நகருங்க" என்று சொல்லி நான் பிடித்த முனையைப் பிடித்தாள். பெரியவர்கள் பதறினார்கள். பெண்கள் தொடக்கூடாது தாயி என்றார்கள்.

"பொம்பள பிடிச்சா அது கட்டிலுன்னு மதினி சொல்லியிருக்காக" என்றாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் பேசி நான் கேட்டதில்லை.

டீக்கடைச் சித்தப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். "விடுங்கப்பா. அது சரிதான்" என்றார்.

பெண்கள் வரக்கூடிய எல்லை தெருமுனை. அது வரைக்கும் என் மனைவி தூக்கி வந்தாள். அங்கே என்னிடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டாள். தெருமுனை வரைக்கும் அக்கா கட்டிலில்தான் போனார்.

சேற்றில் நடந்து வந்த நர்ஸம்மாவுக்கும், தெற்குத் தெரு அண்ணன் தம்பிக்கும், டீக்கடைச் சித்தப்பாவுக்கும், அன்று எழுந்து இடம் கொடுத்த பஸ் ஆட்களுக்கும், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த டிரைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அக்காவின் கடைசி நாட்களில் வந்து பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், இந்த மலரை அச்சடிக்க உதவியவர்களுக்கும் கை கூப்புகிறேன்.

இதை எழுதி முடித்ததும் என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நான் கம்பை அவிழ்த்த இடம் வந்தபோது, "அது மதினிக்குத் தெரியும். திரும்பக் கட்டினப்ப நாந்தான் வெளக்குப் பிடிச்சேன்" என்றாள். பதினாலு வருஷம் இரண்டு பேரும் என்னிடம் சொல்லவில்லை.

1998, கார்த்திகை 14.