பையை விட்டு வராத கரடி

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரோடு ஒரே அறையில் அரை நாள் இருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். கதை டீச்சர் பத்தொன்பது வருடம் இருந்திருக்கிறாள். அதில் ஒரு நாள்கூட ஒரு பிள்ளையையும் அதட்டியதில்லை. கட்டுக்கதை இல்லை, யாரையும் லேசில் மெச்சாத ஆயாம்மாவே இதற்குச் சாட்சி.

அவள் வழியே தனி. நேற்று யாராவது யாரையாவது கடித்தால், கட்டையைப் பிடுங்கினால், இன்று காலை அது கதையாகப் பாய்க்கு வந்துவிடும். பையிலிருந்து அவளே தைத்த கைப்பொம்மைகள் வரும். பிள்ளையின் பெயர் வாயில் வராது. முயல் அழும், கரடி திருதிருவென்று முழிக்கும். "இப்பக் கரடி என்ன செய்யணும்?" என்பாள். "சாரி சொல்லணும்!" என்று இருபத்திரண்டு தொண்டையும் கூரையைப் பிய்க்கும். கரடி சாரி சொல்லிவிட்டுப் பைக்குள் போய்விடும். கதை முடிந்தது.

தப்புச் செய்வது எப்போதும் கரடிதான். பெரிய காரணம் ஒன்றுமில்லை. மற்ற பொம்மைகளுக்குப் பழைய பனியன் துணியில் கை, துவண்டு விழும். கரடி மட்டும் பழுப்புக் கம்பளியில் தைத்தது, கை விறைப்பாக நிற்கும். தள்ளிக் காட்ட அதுதான் வசதி.

இந்த வருடம் உருண்டை வந்து சேர்ந்தான். வீட்டில் கூப்பிடும் பெயர்தான் அது. அந்தக் கன்னத்தைப் பார்த்தால் வேறு பெயர் வாயில் வராது. வகுப்பிலேயே பெரிய உடம்பு, தினமும் அதே பழுப்புக் கம்பளிச் சட்டை. முதல் வாரமே நாலு பேரைத் தள்ளிவிட்டான். டீச்சர் சளைக்காமல் கரடிக் கதையாகச் சொன்னாள். மூன்றாவது வாரம் தள்ளுவது சுத்தமாக நின்றுவிட்டது.

"பாத்தீங்களா ஆயாம்மா? ஒரு அதட்டல் கிடையாது!" டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயாம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் டீச்சர் அடுத்த கதையை எழுத நோட்டைத் திறந்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை காலை உருண்டையின் அம்மா, பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் காக்கிச் சட்டையோடு, வாசலிலேயே நின்றாள்.

"டீச்சர், இவனை இன்னையோட நிறுத்திக்கிறேன்."

"ஐயோ, ஏம்மா? நல்லாத் தேறிட்டானே!"

"தேறிட்டானா? வீட்டுல அக்கா பக்கத்துல உக்காந்து சாப்பிட மாட்டேங்கிறான். கேட்டா, 'கரடி பக்கத்துல யாரும் உக்காரக் கூடாதும்மா'ங்கிறான். என் புள்ளைக்கு இந்தப் பேரை வெச்சது யாரு?"

டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் யாரு பேரையும் சொல்றதே இல்லைம்மா..."

"மத்தியானம் டூட்டி மாத்திட்டு வரேன். ஒரே ஒரு புள்ளையாவது இவன்கூட உக்காந்திருந்தா நாளைக்கும் அனுப்புறேன். இல்லைன்னா இவன் பையைக் குடுத்துடுங்க."

அன்றைக்கு டீச்சர் பொம்மைப் பையைத் தொடவில்லை, நோட்டையும் திறக்கவில்லை. பிஸ்கட் நேரத்தில் வழக்கமாக மூலையில் குனிந்து எழுதுகிறவள் இன்று நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு பேர் உட்காரும் பெஞ்சில் உருண்டை ஒருத்தன். பக்கத்துப் பெஞ்சில் எட்டுப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு, கடைசிப் பிள்ளை பாதி அந்தரத்தில்.

அந்த நெரிசலில் இருந்த ரெட்டைச் சடைக்காரியிடம் குனிந்தாள். "அங்க இவ்வளவு இடம் இருக்கே, கண்ணு?"

"அங்க கரடி இருக்கு. தள்ளிவிடும்."

"அவன் இப்பல்லாம் தள்ளுறதே இல்லையே!"

"வெள்ளிக்கிழமை தள்ளுச்சே. நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

அடக் கடவுளே! வெள்ளிக்கிழமைக் கதையில் கரடி செய்தது அத்தனையும், வியாழக்கிழமை இந்த ரெட்டைச் சடைக்காரி செய்த வேலை. அந்தப் பழியையும் உருண்டை சுமந்துகொண்டு பிஸ்கட்டைக் கடிக்கிறான்.

"அப்போ அவன் திருந்தினது..." டீச்சர் ஆயாம்மா பக்கம் திரும்பினாள்.

"தள்ளுறதுக்குப் பக்கத்துல ஆள் வேணாமா டீச்சர்?" என்றாள் ஆயாம்மா.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்ல எங்க விட்டீங்க?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவள் பிடித்தது ஒரு பிள்ளையின் குரல்வளையை. பத்தொன்பது வருடமும் இப்படித்தானா? முந்தைய பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இப்போது கேட்க முடியுமா?

பன்னிரண்டு மணிக்குப் பாயை விரித்தாள். வெறுங்கையோடு நடுவில் உட்கார்ந்தாள்.

"ஒரு ஊர்ல ஒரு டீச்சர் இருந்தா. யாரு தப்பு செஞ்சாலும் கரடி மேல போட்டா. கரடி சும்மா இருந்த நாள்லயும் போட்டா. பாவம், கரடிகூட விளையாட யாருமே இல்லாமப் போச்சு. இப்ப டீச்சர் என்ன செய்யணும்?"

கூரை பிய்யவில்லை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெட்டைச் சடைக்காரி முதலில் பின்னால் நகர்ந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவன், அவனைப் பார்த்து மற்றவர்கள். டீச்சரைச் சுற்றி வெறும் பாய் கிடந்தது.

"ஏண்டா கண்ணுங்களா?"

"நீங்க தப்பு செஞ்சீங்க. பக்கத்துல உக்காரக் கூடாது."

 யார் சொல்லிக்கொடுத்தது? வேறு யார், அவளேதான். சாரி சொன்ன கரடி அப்புறம் யாரோடு விளையாடியது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லையே!

"சாரிடா உருண்டை," என்றாள்.  யாரும் அசையவில்லை. வாசலில் காக்கிச் சட்டை வந்து நின்றதை அவள் பார்த்தாள். உருண்டையின் பை ஏற்கெனவே ஆயாம்மாவின் கையில் இருந்தது.

அப்போது உருண்டை எழுந்தான். அந்த வெறும் பாயைத் தாண்டி வந்து, டீச்சரின் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தான்.

"அதான் சாரி சொல்லிட்டாங்கல்ல," என்றான் மற்றவர்களைப் பார்த்து. "வாங்க."

ரெட்டைச் சடைக்காரி கொஞ்ச நேரம் சடை நுனியைக் கடித்தாள். பிறகு எழுந்து வந்து, "தள்ளிக்கோ" என்று அவனை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தள்ளி இடம் விட்டான்.

ஆயாம்மா அவன் பையைத் திரும்பவும் கொக்கியில் மாட்டினாள்.