மண் பூசிய முள்ளங்கி

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம், காய்கறி வாங்கக் கடைக்குப் போகும் வழக்கமே எங்கள் வீட்டில் நின்றுபோயிருந்தது. சனிக்கிழமை காலையில் அத்தை வருவாள். அவளோடு ஒரு சாக்குப் பை வரும். அந்த வாரம் நாங்கள் என்ன சாப்பிடுவது என்பதை அந்தப் பைதான் முடிவு செய்தது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி தாராபுரம் பக்கம் புருஷன் வீட்டில் சில வருடங்கள் இருந்தவள், ஒருநாள் துணிப்பை ஒன்றோடு ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஒத்து வரலீங்கண்ணா" என்பதற்கு மேல் அப்பாவுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் எங்களோடு இருந்துவிட்டு, காங்கேயத்துக்குப் பக்கத்தில் தாத்தா விட்டுப்போன புன்செய்க் காட்டுக்குப் போய், பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டைத் திறந்து அங்கேயே தங்கிவிட்டாள். அப்பா அதைப் பிடிவாதம் என்றார். அம்மா அவளுக்கு நாலு பாத்திரம் எடுத்துக் கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் காட்டில் மானாவாரியாகச் சோளம் போடுவார்கள், கொள்ளு போடுவார்கள். அத்தை போர்வெல் தண்ணீரை நம்பி ஒரு மூலையில் சொட்டுநீர்க் குழாய் இழுத்து காய்கறி வைத்தாள். எங்கள் குடியிருப்பிலும் அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் சில வீடுகள் அவளிடம் பங்கு எடுத்துக்கொண்டன. பங்கு என்றால், பருவம் தொடங்கும்போதே பணத்தைக் கொடுத்துவிடுவது. அப்புறம் வாராவாரம் தோட்டத்தில் என்ன விளைகிறதோ அதில் ஒரு பாகம் வீடு தேடி வரும். நிறைய விளைந்தால் நிறைய, குறைந்தால் குறைவு. அதுதான் பேச்சு. எங்கள் வீடும் ஒரு பங்கு எடுத்திருந்தது. தங்கைக்குச் சும்மா கொடுத்தால் வாங்க மாட்டாள் என்று அப்பாவுக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் கீரையும் பீர்க்கங்காயும் வந்தன. மார்கழியில் அவரையும் மொச்சையும். மொச்சை உரிக்க உட்கார்ந்தால் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போகும். பூசணி வந்த வாரங்களில் தேங்காய் துருவிப் போட்டுப் பொரியல் செய்தாள் அம்மா. பிறகு கத்தரிக்காய் பிடித்துக்கொண்டது. பச்சையில் வெள்ளை வரி ஓடிய சின்னக் கத்தரி, வந்துகொண்டே இருந்தது. தட்டப்பயிறு போட்டுக் குழம்பு, கடைசல், எண்ணெயில் பிரட்டல் என்று எல்லா வழியும் தீர்ந்தபிறகு, அரிசிம்பருப்புச் சாதத்துக்குள்ளும் அம்மா கத்தரிக்காயை ஒளித்து வைத்தாள். நான் கண்டுபிடித்து அழுதேன். அப்பா மட்டும் சலிக்காமல் சாப்பிட்டார்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மோட்டார் உதிரிபாகக் கடையிலிருந்து மதியம் சாப்பாட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போய்ப் பையைத் திறப்பார். முள்ளங்கி இருந்தால் ஒன்றை எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் செம்மண்ணை விரலில் நசுக்கி முகர்ந்து பார்ப்பார். அப்புறம்தான் கை கழுவுவார்.

அந்தக் கோடை கொடுமையாக இருந்தது. காங்கேயம் பக்கம் தென்னை மரங்களே ஓலை தொங்கி நின்றன. அதே சமயத்தில் தாராபுரத்திலிருந்து போன் வரத் தொடங்கியது. நடந்தது நடந்துபோச்சு, பெண்ணை அனுப்பி வையுங்கள் என்று அங்கிருந்து பேசினார்கள். அப்பா இரண்டு மனதாக இருந்தார். ஒரு சனிக்கிழமை அத்தையை உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்தக் கோடை வரைக்கும் பார்க்கறேன் அம்மணி. தண்ணி இல்லாம தோட்டம் காஞ்சு போச்சுன்னா, ஒத்தையில அந்தக் காட்டுல உக்காந்து என்ன பண்ணுவே? நானே கூட்டிட்டுப் போயி தாராபுரத்துல உட்டுப்போட்டு வந்துருவேன். அதுக்கப்புறம் பேசக் கூடாது."

"காயாதுங்கண்ணா" என்றாள் அத்தை.

அவள் சொன்னபடியேதான் நடந்தது என்று நான் நினைத்தேன். எங்கள் பை குறையவே இல்லை. சித்திரை வெயிலிலும் முள்ளங்கி வந்தது, வெண்டைக்காய் வந்தது, கத்தரி வந்தது. ஆனால் மேல் மாடியில் இருந்த என் சிநேகிதி வீட்டுக்கும் பங்கு உண்டு. அவளுடைய அம்மா ஒருநாள் படிக்கட்டில் நின்று, "பாவம், இந்த வாரமும் நாலு முருங்கைக்காயும் ஒரு பிடி கீரையுந்தான். போர்ல தண்ணி இல்லையாமா. உங்களுக்கும் அதேதானுங்களா?" என்று கேட்டாள். "அதேதானுங்க" என்றாள் அம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். சமையலறையில் எங்கள் பை வாய் பிதுங்க நிறைந்து நின்றது.

அம்மா எதற்குப் பொய் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமை அதைவிடப் புரியாத ஒன்றைப் பார்த்தேன். அத்தை பையை வைத்துவிட்டு மற்ற வீடுகளுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். அம்மா பையைத் தரையில் கொட்டினாள். முள்ளங்கி வெள்ளை வெளேரென்று, கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. கத்தரிக்காய்கள் ஒரே அளவில் பளபளத்தன. கீரைக்கட்டில், அத்தை எப்போதும் சுற்றும் வாழைநாருக்குப் பதில் ரப்பர் பேண்ட் இருந்தது. அம்மா அதை உருவிக் குப்பையில் போட்டாள். பிறகு பால்கனிக்குப் போய் மல்லிகைத் தொட்டியிலிருந்து ஒரு கை செம்மண் அள்ளி வந்தாள். அதில் தண்ணீர் தெளித்துக் குழைத்து, ஒவ்வொரு முள்ளங்கியாக எடுத்துப் பூசினாள். கத்தரிக்காயின் அடியிலும் லேசாகத் தடவினாள். ஊரில் எல்லா அம்மாக்களும் மண்ணைக் கழுவிவிட்டுச் சமைத்தபோது, என் அம்மா மட்டும் கழுவிய காயில் மண்ணைப் பூசிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"மண்ணு இருந்தாத்தான் வாடாது கண்ணு. அப்பாகிட்டச் சொல்லீராத, சிரிப்பாரு."

மதியம் அப்பா வந்தார். முள்ளங்கியை எடுத்தார். நர்சரியில் விலைக்கு வாங்கிய தொட்டி மண்ணை விரலில் நசுக்கி முகர்ந்தார். "இந்த வெயில்லயும் கொண்டாந்துட்டா பாரு" என்றார். அவர் குரலில் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பெருமை இருந்தது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு குழம்பைக் கிளறினாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து கார் வந்தது. அத்தையின் புருஷனுடைய அண்ணன் மட்டும் மேலே வந்தார். கனத்த சரீரம், வெள்ளை வேட்டி, நிதானமான பேச்சு. முன்தினமே அப்பா அத்தையைத் தங்கச் சொல்லியிருந்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமையலறை நிலைப்படியை ஒட்டி நின்றாள். அவளுடைய துணிப்பையும் அங்கேயே சுவரோரம் இருந்தது. அப்பா ஒரு சொல் சொன்னால் அதை எடுத்துக்கொண்டு அவள் அந்தக் காரில் ஏற வேண்டியதுதான் என்பது எனக்குக்கூடத் தெரிந்திருந்தது.

சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றார் அப்பா. அம்மா இலை போட்டாள். முள்ளங்கி சாம்பார், கத்தரிக்காய்ப் பிரட்டல், வெண்டைக்காய்ப் பொரியல். எல்லாம் அத்தை கொண்டுவந்த பையிலிருந்துதான். வந்தவர் நிதானமாகப் பிசைந்து இரண்டு வாய் உண்டார்.

"ஏனுங்க மாப்ளே, இது எந்தூருக் காயி?"

"நம்ம காட்டுதானுங்க மச்சான். தங்கச்சி வெளைய வெச்சது."

"இந்தக் கோடையிலயா!" அவர் கத்தரிக்காயை விரலால் நசுக்கி வாயில் போட்டுக்கொண்டார். "அதானே பார்த்தேன். மார்க்கெட்டுக் காய்க்கு இந்த ருசி எங்க வருது? மண்ணு வாகு அப்படி."

நிலைப்படியில் அத்தையின் முகம் வெளுத்துப்போனது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. விருந்தாளியின் இலைக்கு இன்னும் ஒரு கரண்டி பிரட்டல் வைத்தாள். வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "வாரம் தவறாம வருதுங்க. மண்ணு கழுவித்தான் எங்கைக்கு ஓய்வில்லை" என்றாள்.

அத்தை சட்டென்று உள்ளே போய்விட்டாள். நான் பின்னால் போனேன். அவள் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அம்மா பாத்திரத்தோடு வந்தாள்.

"அண்ணி, அது..."

"ரசம் பொங்குது பாருங்க அம்மணி. எறக்கி வையுங்க."

அவ்வளவுதான் பேசினார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு ரசத்தை இறக்கினாள்.

கை கழுவிவிட்டு வந்து அந்தப் பெரியவர் பேச்சை எடுத்தார். தம்பி முன்னைப்போல இல்லை, திருந்திவிட்டான், பெண்பிள்ளை எத்தனை நாள் ஒண்டியாக இருப்பாள் என்றெல்லாம் நல்லவிதமாகவே சொன்னார். அப்பா தலைகுனிந்து கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்து சொன்னது இன்னும் எனக்குக் கேட்கிறது.

"நீங்க சொல்றது நாயந்தானுங்க மச்சான். நானும் அப்படித்தான் நெனைச்சிருந்தேன். ஆனா ஊரே காஞ்சு கெடக்கறப்ப ஒத்தையில நின்னு இத்தனை வெளைய வெச்சிருக்கறா. அவளை அங்கிருந்து பிடுங்கறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. அவளுக்கா எப்பத் தோணுதோ அப்ப வரட்டும்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு தாராபுரத்திலிருந்து யாரும் வரவில்லை. ஐப்பசியில் நல்ல மழை பிடித்து, போர்வெல்லில் தண்ணீர் ஏறியது. கார்த்திகையில் அத்தையின் பையில் பூச்சி அரித்த கீரையும் கோணல் முள்ளங்கியும் வந்தன. அம்மா அதைத் தரையில் கொட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை இன்றும் அந்தக் காட்டில்தான் இருக்கிறாள். அந்தக் கோடையில் எங்கள் பைக்கு மட்டும் சந்தையில் நின்று காய் வாங்கியதைப் பற்றி அவளும் அம்மாவும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் இன்னும் ஒன்று நடந்தது. பெரியவர் விடைபெறும் நேரத்தில் அப்பா என்னிடம் ஒரு சொம்பு மோரைக் கொடுத்து, "கீழே கார்ல மாமா உக்காந்திருக்கறாரு. மேல வரமாட்டேன்னுட்டாரு. கொண்டுபோயிக் குடு" என்றார். போனேன். அத்தையின் புருஷன் முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒல்லியாக, கொஞ்சம் கூச்சத்தோடு. மோரைக் குடித்துவிட்டு, "நல்லாப் படிக்கறியா கண்ணு?" என்று கேட்டார். பையிலிருந்து சாக்லேட் எடுத்துக் கொடுத்தார். கன்னத்தைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்த மாதிரிகூட இருந்தது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

கார் போனதும் படியேறி ஓடினேன். சமையலறையில் அம்மாவும் அத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அப்போதுதான் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

"அத்தை, மாமா எத்தனை நல்லவரு! நீ ஏன் அவரு கூடப் போகமாட்டேங்கறே?"

அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். ஒரு வாய் சோறு உருட்டி எனக்கு ஊட்டினாள்.

"நல்லவருதாங் கண்ணு," என்றாள். "வெளியில எல்லாத்துக்கும் நல்லவருதான்."

நல்லவர்தான் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்ற திருப்தியோடு சாக்லேட்டைப் பிரித்துக்கொண்டு மேல் மாடிக்கு ஓடினேன். அத்தை முதன்முதலாக எங்கள் வாசலில் வந்து நின்ற அன்று, எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தபோது அவள் முதுகை அம்மா பார்த்திருந்தாள். அண்ணனுக்குத் தெரிந்தால் அரிவாளோடு போய்விடுவார், சொல்லிவிடாதீர்கள் என்று அத்தை கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள். இதையெல்லாம் எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய நாட்களில்தான் அம்மா சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவள் என்னை அறியாமல் கையைத் தூக்கி, அன்று அவர் தடவிய கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன்.