குரூப்பில் போட்ட போட்டோ

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் படித்தவன் நான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆதாரத்தைக் காட்டினால் எந்தச் சண்டையும் முடிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஓவர்லாக் தைக்கும் செல்வி அக்காவுக்கும் செக்கிங் மல்லிகா அக்காவுக்கும் ஒருநாள் தகராறு. டீ-சர்ட்டில் தோள்பட்டைத் தையல் பிரிந்திருந்தது.

"நீங்க இழுத்துப் பிரிச்சிட்டு என்னையச் சொல்லுதியளோ?" என்றார் செல்வி அக்கா.

"ஏனுங்க, எனக்கு வேற வேலை இல்லீங்களா?" என்றார் மல்லிகா அக்கா.

பிரிந்த பீஸைப் போட்டோ எடுத்து, செல்வி அக்கா பெயரையும் எழுதி, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. நானும் ஒன்று போட்டேன். செல்வி அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

பிறகு மெக்கானிக் அதே மெஷினைக் கழற்றிப் பார்த்தார். "உள்ள நூல் கோக்குற லூப்பர் தேஞ்சு போச்சுங்க. தையல் விடுதுன்னு அந்தக்கா உங்ககிட்ட நாலு நாளாச் சொல்லீட்டு இருந்துச்சே?"

ஆமாம், சொன்னார். ஆர்டர் அவசரத்தில் நான்தான் காதில் வாங்கவில்லை.

செல்வி அக்கா வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பேக்கிங்ல எம் மவன் இருக்காம்லா தம்பி, அவனும் அதப் பாத்தான்" என்றார். அவர் வேலைக்குத் திரும்பவில்லை.

குரூப்பில் என் தப்பை எழுதினேன். அதற்கும் சிரிப்புப் பொம்மை விழுந்தது. அருவருப்பாக இருந்தது. பழக்கிவிட்டவன் நான்தானே!

இப்போதெல்லாம் புகார் வந்தால் போனைத் தொடுவதில்லை. ஒரு துண்டுத் துணியோடு நேராக மெஷினுக்குப் போகிறேன். "ஒருக்கா தெச்சுக் காட்டுங்கக்கா" என்று கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.

- ஒரு வாசகர், திருப்பூர்