செல்வியின் கட்டில்

கடந்த ஆடி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. எங்கள் பொருளாதாரத் துறையின் செய்தி மடலை எழுதுபவள் என்பதால், மாணவிகளின் கள ஆய்வுக்கு நானும் ஒரகடம் போயிருந்தேன்.

தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் முடித்து வந்த பெண்களின் அறை அது. ஒரு கட்டிலுக்கு இருவர். ஒருத்தி வேலைக்குப் போனால்தான் மற்றவள் படுக்கலாம். கேள்விகளைத் தொடங்குமுன் எங்கள் மாணவி நிவேதாவுக்கு வெயிலில் வந்ததால் தலை சுற்றியது. தென்காசிக்காரியான செல்வி அவளைத் தன் கட்டிலில் படுக்க வைத்தாள்.

"நீங்க தூங்கலையாக்கா?"

"எனக்கு உறக்கம் வரல. நீ படு பிள்ள."

"பொய் சொல்லாதடி," என்றாள் அறைத்தோழி. "பஸ்ல என் தோள் மேல எச்சி ஒழுகிகினு வந்தவ நீ. மத்தியானம் கலா ஷிப்ட் முடிச்சி வந்து கட்டிலைக் கேப்பா. அப்புறம் எங்க படுப்ப?"

செல்வி சிரித்தாள். சற்று நேரத்தில் வாசற்படியில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள்.

மாணவிகள் கேள்வித்தாளுடன் என்னைப் பார்த்தார்கள். பையில் வைக்கச் சொன்னேன். நிவேதா எழுந்து, செல்வியைக் கைத்தாங்கலாகக் கட்டிலுக்கு அழைத்துப் போனாள். செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினோம்.

அதுவரை நடந்ததை மட்டுமே தேதியிட்டு எழுதிவந்தேன். நடக்காததும் செய்தியாகலாம் என்று அன்றுதான் தோன்றியது. மடலில் எழுதினேன்: "ஒரகடம் கள ஆய்வு நடைபெறவில்லை. அங்கே ஒருவர் தூங்க வேண்டியிருந்தது."