பல்செட்டு வந்த சீட்டு

பேருந்து நிலையத்தில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களுக்கு ஓர் அறை உண்டு. அதற்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். வருவதில் பாதி குடை என்பதால் அவருக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர், குடைக்காரர். நாற்பத்தாறு வயதில் கல்யாணம். மனைவியோடு அவளுடைய ஒன்பது வயது மகளும் வந்தாள்.

நாலு மாதமாகியும் அந்தப் பெண் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதுவானாலும் அம்மா வழியாகத்தான்.

"அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லும்மா."

அவரும் நகர்ந்துகொள்வார். மனதுக்குள் மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"கதை கிதை சொல்லிப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"எனக்கென்ன தெரியும்? கறுப்புக் குடை ஒண்ணு, கைப்பிடி உடைஞ்சதுன்னு எழுதத் தெரியும்."

"அதையே சொல்லுங்க."

அப்படிப் பிறந்தது விளையாட்டு. அன்றன்று வந்த பொருள்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் கொண்டுவருவார். அதிலிருந்து பார்க்காமல் மூன்று எடுக்க வேண்டும். மூன்றும் கதையில் வந்தாக வேண்டும், மாற்றக் கூடாது. மனைவி போட்ட சட்டம். கதைகள் சுமார்தான். ஆனால் சும்மா யோசித்தால் ஒரு வரிகூட வராத மனிதருக்கு, சீட்டு கையில் விழுந்ததும் எங்கிருந்தோ வாய் வந்தது. பெண் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, முதுகைக் காட்டியபடி வீட்டுப்பாடம் எழுதுவாள்.

ஒரு நாள் சீட்டில் வந்தவை ஒற்றைச் செருப்பு, காலி மீன் தொட்டி, பல்செட்டு. பல்செட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தச் சீட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு, "மூணாவது, குடை" என்றார்.

"பொய். பைக்குள்ள ஒண்ணு போட்டீங்க."

பெண்தான். ஜன்னல் கண்ணாடியில் இத்தனை நாளும் அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் சீட்டை எடுத்து நீட்டினார்.

"பல்செட்டா? ஐயே! பல்ல யாராவது பஸ்ல விட்டுட்டுப் போவாங்களா?"

"அது... தனியா ஏறியிருக்கும். அரை டிக்கெட் கேட்டிருக்கும்."

"தாத்தா பல்லுக்கு அரை டிக்கெட்டா?"

"சரி, முழு டிக்கெட். அரை டிக்கெட் ஒத்தைச் செருப்புக்கு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. சமையலறையில் ஓடிய குழாய் நின்றது; மனைவி மட்டும் வெளியே வரவில்லை.

பெண் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

"இனிமே நான்தான் எடுப்பேன். உங்கள நம்ப முடியாது."

"சரி" என்றார்.

"என்ன சரி? மீன் தொட்டி இன்னும் பஸ் ஏறல. சொல்லுங்க."