நாள்காட்டித் தாளில் மடித்த காசு

கரீம் பாய் காலமான செய்தி நம் பழங்காசுச் சங்கத்திலிருந்து எனக்கு வரவில்லை. பால் ஊற்றும் முனியம்மாதான் சொன்னாள். "பாத்திரக்கடை பாயி தவறிட்டாருங்கம்மா. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாமா." ஆண்டுக்கணக்கில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் நாம். தருமபுரிக்குள்ளேயே இருந்த எனக்கு ஒரு வரி எழுதி அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. அதில் அவரைப் பற்றி இரண்டு வரிகள். "அன்னார் சேர்த்த பழங்காசுகளில் பெரும்பாலானவை தேய்ந்தவை. எனினும், சங்கத்தின் தகுதிக்கு உட்பட்ட பதினொரு காசுகள் தேர்ந்தெடுக்கப்பட்டு அவர் பெயரால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும்." கூடவே ஒரு கடிதம்: நினைவு மலருக்கு, முதல் செயலாளர் என்ற முறையில், ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். எழுதுகிறேன். ஒரு வரியையும் வெட்டாமல் அச்சிட வேண்டும் என்பது என் நிபந்தனை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கரீம் பாய் பழைய பித்தளை, செம்பு வாங்கிப் புதுப் பாத்திரம் கொடுக்கும் வியாபாரி. காரிமங்கலம் சந்தையிலும் கடை போடுவார். உருக்க அனுப்பும் முன் ஒவ்வொரு மூட்டையையும் கோணியில் கொட்டித் தம் கையாலேயே துழாவுவார். ஓட்டைக் குடத்துக்கும் உடைந்த குத்துவிளக்குக்கும் நடுவில் பழங்காசு கிடைக்கும். நிலத்தில் கண்டெடுத்தவர்கள் நேராகவும் கொண்டு வருவார்கள். கொண்டு வந்தவரை உட்கார வைத்து, அது எந்த ஊரில், எந்த நிலத்தில், எப்படிக் கிடைத்தது என்று கேட்பார். சுவரில் தொங்கும் நாள்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் அந்த விவரத்தை எழுதி, அதிலேயே காசை மடித்து டப்பாவில் போடுவார். நாள் முன்பக்கம் அச்சாகியிருக்கும். ஊர் பின்பக்கம் இருக்கும். இவ்வளவுதான் அவர் முறை.

அறுபதுகளின் நடுவில், என் கணவர் தாசில்தாராக இருந்த காலத்தில் சங்கம் தொடங்கியபோது, எப்படிப்பட்ட காசைச் சேர்க்கலாம் என்ற விதியை எழுதியவள் நான். உருவம் முழுதும் தெரிய வேண்டும். எழுத்து இருந்தால் படிக்க முடிய வேண்டும். துளை, வெட்டு, களிம்பு கூடாது. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள்; நகத்தில் அழுக்கிருந்தால் வகுப்புக்குள் விடமாட்டார்கள். காசுக்கும் அதே கண்டிப்பை வைத்தேன். விதியை நான் வாசித்து முடித்ததும், முகமெல்லாம் அம்மைத் தழும்பான கரீம் பாய் எழுந்து நின்றார்.

"தாசில்தாரம்மா, ஒரு சந்தேகங்க. மூஞ்சி முழுசா தெரியணும், புள்ளி வெட்டு இருக்கக் கூடாதுன்னா, நான் இந்தச் சங்கத்துல இருக்கலாமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விதியில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.

ஒருமுறை அவர் கொண்டு வந்த செப்புக்காசில் நடுவே துளை இருந்தது. தகுதியில்லை என்று தள்ளிவைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "ஓட்டை போட்டது யாரோ ஒரு ஆத்தாங்க. புள்ளைக்குக் காய்ச்சலா இருந்திருக்கும். கயித்துல கோத்து இடுப்புல கட்டியிருப்பா. ராசா அச்சடிச்சது பாதி, அந்த ஆத்தா போட்ட ஓட்டை பாதி. ரெண்டும் சேந்துதான் இந்தக் காசு" என்று சொல்லி, அதே தாளில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எதையும் சேர்த்துக்கொள்பவர், தரம் தெரியாதவர் என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் உண்டு. அது பொய். ஒரு வெளியூர் வியாபாரி தேய்மானமே இல்லாத காசுகளை வெல்வெட் துணியில் பரப்பியபோது நம்மவர்கள் மொய்த்தார்கள். கரீம் பாய் ஒரே கேள்வி கேட்டார். "இது எந்த ஊருங்க?" வந்தவர் ஏதோ மழுப்பினார். கரீம் பாய் எழுந்துவிட்டார். "ஊர் பேரு சொல்லத் தெரியாத காசு எனக்கு எதுக்குங்க? பொண்ணு பாக்கப் போனாக்கூட ஊரத்தான மொதல்ல கேக்கறோம்!" அவருக்கும் கண்டிப்பு இருந்தது. அது நம்முடையதைவிடக் கடினமானது.

இனி நான் சொல்ல வேண்டியது எனக்குப் பெருமை தருவதல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பள்ளியில் கண்காட்சி வைத்தோம். அவரிடம் ஒரு சதுரச் செப்புக்காசு இருந்தது. மேலெல்லாம் பச்சைக் களிம்பு. "உங்க சட்டம் இத ஒத்துக்காதுங்க. ஆனா வெயில்ல சாய்ச்சுப் பாருங்க" என்று என் உள்ளங்கையில் வைத்தார். கடை வாசலில் காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது. களிம்புக்குள் ஒரு யானை நின்றது. தும்பிக்கை, முன்கால், முதுகின் வளைவு. கையை நேராக்கினால் மறைந்தது, சாய்த்தால் வந்தது. விதியை மீறி நான் ஏற்றுக்கொண்ட முதல் காசு அதுதான்.

வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. பூஜைச் செம்பைத் தேய்க்கப் புளி ஊறிக்கொண்டிருந்தது. அந்தப் பச்சை என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் பார்க்கப் போகும் காசு அழுக்காக இருக்கலாமா? புளியில் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். செம்பு புதிதாக மின்னியது. யானை இல்லை. அந்த யானை களிம்பில்தான் இருந்திருக்கிறது. அடியில் செம்பு எப்போதோ அரித்துப் போயிருக்கிறது.

கடைக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை பட்டுத் தேஞ்சா அது காசுங்கம்மா. புளி பட்டா தகடு" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்த கோபம். பிறகு கேட்டார்: "தாள் இருக்குதுங்களா?" இருந்தது. பிறர் என்னிடம் ஒப்படைத்த எதையும் நான் தொலைப்பவள் அல்ல. அந்தத் தாளிலேயே தகட்டை மடித்து என்னிடமே நீட்டினார். "நீங்களே வெச்சுக்கோங்க. மூஞ்சி போனா என்னங்க, ஊர் இருக்குதில்ல."

அன்றே என் விதி தவறு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சங்கத்தில் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அத்தனை ஆண்களுக்கு முன்னால், நான் எழுதியதை நானே அடிப்பதா என்று பேசாமல் இருந்தேன். விதி சங்கத்தின் நோட்டில் அப்படியே நின்றது.

சுற்றறிக்கை வந்த அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜுலேகா பீவி நடந்ததைச் சொன்னார். நம் குழுவினர் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். பாய் விரித்து உட்கார்ந்து, டப்பாக்களைக் கொட்டி, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்திருக்கிறார்கள். காசுகள் ஒரு குவியல். தாள்கள் ஒரு குவியல். முகம் தெரிந்த பதினொன்றை எடுத்துக்கொண்டு, "மீதிய உருக்கப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கிறார்கள்.

"தாளெல்லாம் என்ன ஆச்சு?" என்றேன்.

"குப்பைன்னு சொன்னாங்களேம்மா. அடுப்பு பத்த வெச்சுட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். "அவரு கையெழுத்துன்னு தெரியுமுங்க. படிச்சவங்க சொல்லும்போது நான் என்னான்னு சொல்றது?"

மாரண்டஹள்ளியில் கிணறு தோண்டும்போது கிடைத்தது எது, பாலக்கோட்டில் உழவில் மேலே வந்தது எது, இனி எவருக்கும் தெரியாது. ஒரு மனிதர் முப்பது ஆண்டு கேட்டு எழுதியது, இரண்டு வேளைச் சமையலுக்கு ஆயிற்று.

தலைவரைப் பார்த்துக் கேட்டேன். அவர் நிதானமாகவே பதில் சொன்னார். "விதிப்படிதானுங்கம்மா செஞ்சோம். நீங்க எழுதின விதிதானுங்களே." அன்று எழுந்து வந்துவிட்டேன். அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆமாம், நான் எழுதியது. அது தவறு. இந்தப் பக்கம் அச்சாகும் நாளில் நோட்டிலும் அதை அடித்துவிடுங்கள். ஆனால் மடித்த தாளைப் பிரிக்கும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க எந்த விதியும் உங்களைத் தடுக்கவில்லை. படித்த மூன்று பேருக்கு அது தோன்றவில்லை. அதற்கு நான் பொறுப்பேற்க மாட்டேன்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியின் மேல் கரீம் பாயின் பெயரைப் போடாதீர்கள். அதில் இருப்பது அவர் சேர்த்ததல்ல. அவர் சேர்த்ததில் நீங்கள் விட்டுவைத்தது. உருக்கச் சொன்ன மீதிக் காசுகள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. ஜுலேகா பீவி தம் கையாலேயே கொடுத்தார். ஒன்றின் மீதும் புளி படாது.

எனக்கென்று கரீம் பாய் கொடுத்தது தனியாக இருக்கிறது. மின்னும் ஒரு செப்புத் தகடு. அதில் உருவமும் இல்லை, எழுத்தும் இல்லை. எந்தச் சங்கமும் ஏற்காது. அதைச் சுற்றிய தாளில் பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை: "நல்லம்பள்ளி. ஏரிக்குக் கிழக்கே, மாதையன் கம்பங்காடு. உழும்போது கிடைத்தது. அவர் சம்சாரம் கொண்டு வந்தார்."

உங்கள் பதினொரு காசுகளுக்கும் முகம் இருக்கிறது. அவற்றில் ஒன்றுக்காவது ஊர் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.